மைலேஜும் பிக்கப்பும்

கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்பது இரண்டு கேள்விகள். மைலேஜ் எவ்வளவு? பிக்கப் எப்படி? முதல் கேள்வியை எல்லோர் முன்னிலையிலும் உரக்கக் கேட்பார். இரண்டாவதை, பணம் கொடுக்கிற அப்பா சற்று நகர்ந்த பிறகு விற்பனையாளரின் காதோடு கேட்பார். இது தமிழருக்கு மட்டுமே உரிய பழக்கமல்ல. ‘கித்னா தேதி ஹை’ என்று ஒரு காலத்தில் மாருதி விளம்பரம் கேட்டபோது இந்தி தெரியாத ஊர்களிலும் சிரித்தார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது இந்தியாவின் பொதுமொழி. பிக்கப் என்பது ரகசிய மொழி.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த இரண்டாவது சொல்மேல் ஒரு மரியாதை உண்டு. கார் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்தால் பத்தாவது வரியில் ‘டார்க்’ வந்து நிற்கும். பாடநூல் அதைத் திருப்புவிசை என்கிறது. முறுக்குவிசை என்று எழுதுபவர்களும் உண்டு; படிப்பவருக்கு மணப்பாறை நினைவு வந்தால் அது அவர் குற்றமல்ல. ஆக்ஸிலரேஷனுக்கு முடுக்கம் என்ற நல்ல சொல் இருக்கிறது, ஆனால் அது வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை. பட்டறையில் வேலை செய்யும் மெக்கானிக் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார். ‘வண்டி நல்லா இழுக்குது’ என்பது ஒன்று, ‘பிக்கப் இருக்கு’ என்பது மற்றொன்று. அகராதிக்காரர்கள் இவ்வளவு சிக்கனமாக வேலை செய்ததில்லை.

பிக்கப்பையே பிரதானமாக வைத்து, நகரத்தில் காய்கறி வாங்கப் போகிற சின்னக் காரில் பெரிய எஞ்சினையோ டர்போவையோ பொருத்தி விற்பது உலகெங்கும் ஒரு தனி வியாபாரம். ஆங்கிலத்தில் ‘ஹாட் ஹாட்ச்’ என்கிறார்கள். சூடான ஹாட்ச்பேக் என்று தமிழாக்கினால் இட்லி மாதிரி ஒலிக்கும், விட்டுவிடலாம். வெளியே பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரின் அதே கார். நாலு பேர் உட்காரலாம், பின்கதவைத் திறந்து அரிசி மூட்டை வைக்கலாம். பெடலை அழுத்தினால் மட்டும் வேறு வண்டி. பெரிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வசதியில்லாதவருக்கும், வசதியிருந்தும் மனைவி மக்களை ஏற்றிச் செல்ல வேண்டியவருக்கும் கிடைத்த சமரசம் இது. இந்த வகைக் கார்கள் இந்தியாவுக்கு வந்தபடியே இருக்கின்றன. வந்த வேகத்திலேயே போய்விடுகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1956ல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. குறைவாகக் குடிக்கிற சின்னக் கார் ஒன்றைச் செய்யும்படி பி.எம்.சி. நிறுவனம் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளரைக் கேட்டது. 1959 ஆகஸ்டில் மினி வந்தது. மூன்று மீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம், 848 சி.சி., 34 குதிரைத் திறன். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளி, உள்ளே இடத்தை மிச்சம் பிடித்தார் இசிகோனிஸ். அவர் நினைத்தது சிக்கனத்தை. கிடைத்ததோ வளைவுகளில் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு வண்டி. பந்தயக் கார் கட்டுபவரான ஜான் கூப்பர் அதை உடனே கண்டுகொண்டார். ‘இது ஏழை எளியவர்களின் கார், பந்தயத்துக்கு அல்ல’ என்ற எண்ணம் இசிகோனிஸுக்கு இருந்தது. கூப்பர் மேலிடத்தில் பேசிச் சம்மதம் வாங்கினார். 1961ல் வந்த மினி கூப்பரில் 997 சி.சி., 55 குதிரைத் திறன். அதைவிட முக்கியம், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். ஓட வைப்பதற்கு முன் நிற்க வைக்கத் தெரிய வேண்டும் என்ற பந்தயக்காரரின் புத்தி அது.

பிறகு நடந்ததை மோட்டார் ரசிகர்கள் புராணம் போலச் சொல்வார்கள். 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை இந்தக் குட்டிக் கார் வென்றது. 1966லும் முதல் மூன்று இடங்களில் மினிதான். ஹெட்லைட் விதிமுறைப்படி இல்லை என்று சொல்லி நடுவர்கள் மூன்றையும் தள்ளிவிட்டார்கள். தோற்கடிக்க முடியாதபோது விளக்கைப் பார்ப்பது எல்லா நாட்டிலும் உண்டு.

அதே காலத்தில் இத்தாலியில் கார்லோ அபார்த். வியன்னாவில் பிறந்தவர், விருச்சிக ராசிக்காரர், ஆகவே தன் நிறுவனத்துக்குத் தேளையே சின்னமாக வைத்தவர். ஃபியட்டின் சாதாரணச் சின்னக் கார்களுக்கு சைலன்சரும் பிற உதிரிகளும் செய்து விற்றார். வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள், வண்டி உறுமியது. பிறகு முழுக் கார்களையே மாற்றிக் கொடுத்தார். சாதனை முயற்சி ஒன்றுக்கான காரின் ஒடுங்கிய இருக்கையில் நுழைவதற்காக ஆப்பிள் தின்று 30 கிலோ எடை குறைத்தார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. காரின் எடையைக் குறைக்க முடியாத இடத்தில் தன் எடையைக் குறைத்தவர்.

இந்தியாவுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் மாருதி 800ஐ நினைத்துப் பார்க்கலாம். 1986ல் வந்த, பெட்டி போன்ற இரண்டாவது மாருதி 800 ஜப்பானில் ஓடிய சுசுகி ஆல்ட்டோவின் இந்திய வடிவம். டாக்டர், வக்கீல், அரசு அதிகாரி, கல்யாணப் பெண் என்று ஒரு தலைமுறையே அதில் பயணம் செய்தது. 796 சி.சி. எஞ்சின், பெரும்பாலான காலம் 40 குதிரைத் திறனுக்குள். அதே ஆல்ட்டோவின் உடலை வைத்து 1987ல் சுசுகி ஜப்பானில் ‘ஆல்ட்டோ வொர்க்ஸ்’ என்ற ஒன்றை இறக்கியது. எஞ்சின் நம்முடையதைவிடச் சின்னது, 543 சி.சி.தான். ஆனால் 12 வால்வு, டர்போ. திறன் 64. இதைப் பார்த்துக் கலங்கிய ஜப்பானியக் கம்பெனிகள், சின்னக் கார் வகையில் யாரும் 64ஐத் தாண்டுவதில்லை என்று தங்களுக்குள் பேசி முடித்தன. இன்றுவரை அந்த எண் நிற்கிறது. நாம் பள்ளிக்குப் பிள்ளைகளை விடுவதற்கு ஓட்டிய வண்டியின் உடன்பிறப்பு ஜப்பானில் ஒரு தேசிய உச்சவரம்புக்கே காரணமாக இருந்தது. அந்த உடன்பிறப்பை நமக்குக் காட்டவேயில்லை.

இதே கதை ஸ்விஃப்டிலும் தொடர்ந்தது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்று ஒன்று விற்றார்கள். 2005 முதல் லட்சக்கணக்கில் ஸ்விஃப்ட் வாங்கிய இந்தியாவுக்கு அது வரவில்லை.

வராததற்குக் காரணம் நம் ருசி மட்டுமல்ல, நம் வரி. 2006-07 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன? நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500க்குள். சாமானியருக்குக் கார் கிடைக்க வேண்டும், இந்தியா சின்னக் கார் உற்பத்தியின் மையமாக வேண்டும் என்ற நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் அந்த இரண்டு எண்கள் அதன் பிறகு இந்தியக் காரின் தலையெழுத்தாகிவிட்டன. நான்கு மீட்டருக்குள் அடக்குவதற்காகப் பின்பக்கத்தை வெட்டிய செடான்கள் பிறந்தன. 1300 சி.சி. எஞ்சினோடு வந்த ஸ்விஃப்டே 2010ல் 1200க்கு இறங்கியது. பெரிய எஞ்சினைச் சின்ன உடலில் வைப்பது என்ற ஹாட்ச்பேக் வித்தைக்கு வாசலிலேயே தடுப்புச் சுவர்.

2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே கோடு அப்படியே குடிபெயர்ந்தது. கோட்டுக்கு உள்ளே இருந்த பெட்ரோல் காருக்குக் கூடுதல் தீர்வை சேர்த்து 29 சதவீதம், அதற்கு அடுத்த வகுப்புக்குச் சில மாதங்களிலேயே 45 ஆனது. 2025 செப்டம்பரில் விகிதங்களை மாற்றியபோது உள்ளே 18, வெளியே 40 என்றானது. எல்லோரும் வரி குறைந்தது என்று மகிழ்ந்தார்கள், குறைந்தது உண்மைதான். ஆனால் கோட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே 16 சதவீதமாக இருந்த இடைவெளி 22 ஆனதைக் கவனித்தவர்கள் குறைவு. தொழிற்சாலை விலை பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால், 1199 சி.சி. காருக்கும் 1201 சி.சி. காருக்கும் வரியில் மட்டும் 2.20 லட்சம் வித்தியாசம். இரண்டு சி.சி.யின் விலை அது. ஒரு மேசைக்கரண்டியின் கால் பங்குகூட இருக்காது.

இந்தச் சுவரில் முட்டியவர்களும் ஏறிக் குதித்தவர்களும் உண்டு. சுவர் எழும்புவதற்கு முன்பே, 2001ல், ஃபியட் பாலியோவை 1.6 லிட்டர் எஞ்சினோடு கொண்டுவந்தது. சுமார் 100 குதிரைத் திறன், விளம்பரத்தில் சச்சின் டெண்டுல்கர். ஓட்டியவர்கள் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். ஆனால் ‘பெட்ரோல் குடிக்கும்’ என்ற பேச்சு ஊரெல்லாம் பரவி, முதல் கேள்வியிலேயே அது தோற்றது. 2013ல் ஃபோல்க்ஸ்வாகன் புத்திசாலித்தனமாக 1197 சி.சி. எஞ்சினுக்கு டர்போ மாட்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ என்று விற்றது. 105 குதிரைத் திறன், வரிக்கோட்டுக்கு உள்ளே. இந்த வகையில் இந்தியாவில் கொஞ்சம் நின்று நிலைத்தது அதுதான். போலோ என்ற பெயரே 2022ல் விடைபெறும் வரை அதற்கு ஒரு பக்தர் கூட்டம் இருந்தது. 2015ல் தேள் சின்னத்தோடு அபார்த் புன்டோ வந்தது. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத் திறன், விலை பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கு மீட்டருக்குள் அடங்கிய உடல், ஆனால் எஞ்சின் 1368 சி.சி. என்பதால் கோட்டுக்கு வெளியே. அந்தப் பணத்துக்கு அவ்வளவு திறன் வேறெங்கும் கிடைக்கவில்லை, இருந்தும் வாங்க ஆளில்லை. 2016ல் போலோ ஜிடிஐ: 192 குதிரைத் திறன், மூன்று கதவு, சுமார் 26 லட்சம் ரூபாய், 99 கார்கள் மட்டுமே இறக்குமதி. சின்னக் காருக்கு இருபத்தாறு லட்சமா என்று நாடு சிரித்தது. பிறகு விலையைப் பெருமளவு குறைத்தார்கள். மாருதியே 2017ல் பலேனோ ஆர்எஸ் என்று ஒன்றை நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கோடு விற்றுப் பார்த்தது. மூன்று ஆண்டு தாங்கியது.

தொழிற்சாலை கொடுக்காததைத் தெருவில் வாங்குவதும் நம் வழக்கம்தான். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பெங்களூரில் ஜே.சி. ரோடு, டெல்லியில் கரோல் பாக். அகலமான டயர், தாழ்ந்த ஸ்பிரிங், ஊரை எழுப்பும் சைலன்சர் என்று எது வேண்டுமானாலும் கேட்கலாம். போக்குவரத்து போலீஸ் பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் படங்களை அவ்வப்போது நாளிதழ்களில் பார்க்கிறோம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்திலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்றது. ஆக, வேகமான சின்னக் கார் வேண்டுமென்றால் சட்டப்படி ஒரே வழி, அதைத் தொழிற்சாலையே செய்து தருவது.

அப்படிச் செய்து தந்த ஒன்று கோவையில் உருவானது என்பதுதான் இந்தப் பட்டியலில் எனக்கு நெருக்கமான பகுதி. 2018 அக்டோபரில் டாடா மோட்டார்ஸ் டியாகோ ஜேடிபி என்ற காரை ரூ. 6.39 லட்சத்துக்கு அறிமுகப்படுத்தியது. உடன் டிகோர் ஜேடிபி என்ற அதன் செடான் அண்ணன். ஜேடிபி என்பதன் விரிவு ‘ஜேயெம் டாடா பெர்ஃபார்மன்ஸ்’. எழுத்து வரிசையைக் கவனியுங்கள், டாடாவுக்கு முன்னால் ஜேயெம். கோவையின் ஜேயெம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடாவும் பாதிக்குப் பாதி பங்கில் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் படைப்பு அது. ஜேயெமை நடத்தும் ஜே. ஆனந்த் தாமே முன்னாள் பந்தய வீரர்.

கோவைக்குப் பந்தயம் புதிதல்ல. எஸ். கரிவரதன் என்ற மில் குடும்பத்துக்காரர், வெளிநாட்டுப் பந்தயக் காரை வாங்கப் பணமில்லாத இந்திய இளைஞர்களுக்காக மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். காய்கறி வாங்கப் போகிற வண்டியின் எஞ்சின் பந்தயத் தடத்தில் ஓடியது. அந்தப் பள்ளியில் பாடம் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1995ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். பம்ப் செட், கிரைண்டர், மில் இயந்திரம் என்று எதையும் பிரித்துப் பார்த்துத் திரும்பச் செய்கிற ஊரில் பந்தயக் கார் வேறு எப்படி வந்திருக்கும்?

டியாகோ சாதாரண வடிவில் 85 குதிரைத் திறன் கொண்ட நல்ல குடும்பக் கார். குஜராத்தில் சானந்தில், நானோவுக்காகக் கட்டிய தொழிற்சாலையில் செய்கிறார்கள். ஜேடிபியில் அதன் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்குப் பதில் அதே அளவில் டர்போ எஞ்சின்: 114 குதிரைத் திறன், 150 நியூட்டன் மீட்டர். டர்போ என்பது வேறொன்றுமில்லை. புகைக்குழாய் வழியே வீணாகப் போகிற சூடான வாயுவை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்ற வைத்து, அந்தச் சுழற்சியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், சி.சி. கூடாமல் திறன் கூடும். வரி அதிகாரியின் அளவுகோலில் எதுவும் மாறாது. பெடலை மிதித்ததற்கும் சக்கரம் சுழன்று வேலை செய்யத் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு தயக்கம் இருக்கும், பிறகு முதுகில் யாரோ தள்ளியது போல வண்டி பாயும். நெரிசலில் ஊரும்போது இந்தத் தயக்கம் எரிச்சல் தரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எஞ்சினை மாற்றியதோடு கோவைக்காரர்கள் நிறுத்தவில்லை. கியர் விகிதங்களை வேகமாக எடுக்கும்படி மாற்றினார்கள். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் இறுக்கினார்கள். 15 அங்குலச் சக்கரம், அகல டயர். புகைக்குழாயின் ஒலியைக்கூட உட்கார்ந்து செதுக்கினார்கள். வண்டியைத் தாழ்த்தியது எவ்வளவு என்று பார்த்தால் நான்கே மில்லிமீட்டர். ஐரோப்பாவில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நம் ஊராட்சி ஒன்றியச் சாலைகளின் வேகத்தடைகளைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்; அது இந்தியச் சாலையை அறிந்த நான்கு மில்லிமீட்டர். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட கம்பெனிக் கணக்குப்படி 9.95 விநாடி. உலக அளவில் பெரிய எண்ணல்ல. ஆறரை லட்ச ரூபாய்க்குள் அது பெரிய எண். குறை சொல்ல வேண்டுமென்றால் பின்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக்கையே விட்டுவைத்ததைச் சொல்லலாம். கூப்பர் இருந்திருந்தால் அங்கேதான் முதலில் கைவைத்திருப்பார்.

பொள்ளாச்சியில் தெரிந்தவர் ஒருவரிடம் இந்தக் கார் இருக்கிறது. வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அதை ஓட்டுவது அவர் வாராந்திர வழிபாடு. ‘ஸ்டிக்கர் ஒட்டுன டியாகோன்னுதானுங்ண்ணா எல்லாரும் நெனைக்கறாங்க. அதுதானுங் சுகமே’ என்றார். அந்தச் சுகம் புதிதாக யாருக்கும் கிடைக்கவில்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-6 மாசு விதிமுறை வந்தபோது குறைந்த எண்ணிக்கையில் விற்கிற ஒரு காரை மறுபடி சோதித்துச் சான்று வாங்குவதற்குக் கணக்கு ஒத்துவரவில்லை. ஜேடிபி கார்கள் நின்றன. அதே ஆண்டில் கூட்டு நிறுவனத்தில் ஜேயெமின் பாதிப் பங்கையும் டாடா வாங்கிக்கொண்டது. மாசு விதிமுறையைக் குறை சொல்ல முடியாது, டெல்லி வாசகர்கள் நவம்பரில் சுவாசிப்பதை நாம் அறிவோம். ஆனாலும் மற்றவர்களின் வண்டிகளுக்குப் பாகம் செய்து கொடுத்துப் பழகிய ஊரின் பெயர் ஒரு காரின் முதுகில் ஒட்டியிருந்தது ஒன்றரை ஆண்டுதான் என்பது கொஞ்சம் உறுத்துகிறது. 2024ல் டாடா அல்ட்ராஸ் ரேசர் என்ற 120 குதிரைத் திறன் காரை இறக்கியபோது அதில் கோவையின் முதலெழுத்து இல்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட சாவுகளுக்கு அதிவேகம் காரணம் என்று பதிவாகியிருக்கிறது. இப்படிப்பட்ட நாட்டில் இருபத்திரண்டு வயதுப் பையனின் கையில் பாய்கிற சின்னக் கார் ஒன்றைக் கொடுப்பது பற்றிச் சப்புக்கொட்டி எழுதலாமா? எழுதலாம் என்றே நினைக்கிறேன், ஆனால் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அதற்குப் பிக்கப் உதவுகிறது. எந்தச் சாதாரணக் காரும் 120ஐத் தொட்டுவிடுகிற காலம் இது. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்கள் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் விடாமலும் கத்துகின்றன. கத்தலையும் மீறி ஓட்டுகிறவருக்கு எஞ்சினின் அளவு ஒரு பொருட்டல்ல.

என் கவலை வேறு. இந்த வேகத்தை நம் அரசும் காப்பீட்டுத் துறையும் எதைக் கொண்டு அளக்கின்றன? வரிக்கும் சி.சி., காப்பீட்டுக்கும் சி.சி. டர்போ வந்த பிறகு சி.சி.க்கும் திறனுக்கும் இருந்த பந்தம் அறுந்துவிட்டது. பந்தயத் தடம் இருக்கிற அதே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் 2021ல் ஐ20 என் லைன் என்ற காரை அறிமுகப்படுத்தியது. 998 சி.சி., 120 குதிரைத் திறன். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி ஆயிரம் சி.சி.க்குள் இருக்கிற காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு ரூ. 2,094. இந்த 120 குதிரைக்கும் அதுதான், ஓய்வுபெற்ற ஆசிரியர் கோயிலுக்கு ஓட்டிப் போகும் ஆல்ட்டோவுக்கும் அதுதான். பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் காப்பீட்டுக் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றித்தான் இளைஞர்களின் ஹாட் ஹாட்ச் மோகத்தைத் தணித்தன. இத்தாலியில் புதிதாக உரிமம் வாங்கியவர் ஓட்டக்கூடிய காரின் திறனுக்கு உச்சவரம்பு இருக்கிறது. இங்கே எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கிய மறுநாள் எதையும் ஓட்டலாம். பெரிய ஆனால் மந்தமான எஞ்சினைத் தண்டித்து, சின்ன ஆனால் முரட்டு எஞ்சினுக்குச் சலுகை தருகிற இந்த ஏற்பாட்டால் சாமானியருக்கும் லாபமில்லை, சாலைக்கும் லாபமில்லை.

மின்சாரக் கார் வந்து இந்தக் கணக்கை இன்னும் குழப்புகிறது. மின்மோட்டாருக்கு டர்போவின் தயக்கம் கிடையாது, தொட்டவுடன் இழுக்கும். 2022ல் வந்த டியாகோ மின்சாரக் கார், பெரிய பேட்டரி உள்ள வடிவில், நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்தை 5.7 விநாடியில் எட்டும் என்கிறது கம்பெனி. யாரும் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைக்கவில்லை, சிவப்புக் கண்ணாடியோ கறுப்புக் கூரையோ இல்லை. நகரச் சிக்னலில் பிக்கப் வேண்டியவருக்கு அது போதும். சத்தம்தான் இல்லை. அபார்த் அதற்கும் வழி செய்தது. 2023ல் வந்த 155 குதிரைத் திறன் அபார்த் 500இ என்ற மின்சாரக் காரில் வெளிப்புற ஒலிபெருக்கி வைத்து, பழைய பெட்ரோல் எஞ்சினின் உறுமலைப் பதிவு போலப் போடுகிறார்கள். சைலன்சர் விற்றுத் தொழில் வளர்த்த மனிதரின் பெயரில் ஸ்பீக்கர். நம் ஊரில் இதைப் பறிமுதல் செய்து ரோடு ரோலர் ஏற்றுவதா வேண்டாமா என்று போலீசார் குழம்பக்கூடும்.

மின்சாரக் காருக்கு சி.சி.யே கிடையாது. எனவே வேறு வழியின்றி, 2022ன் அதே அறிவிப்பில் மின்சாரக் கார்களுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைத் திறனை வைத்தே, கிலோவாட் கணக்கில், மூன்றாகப் பிரித்தார்கள். 30 கிலோவாட் வரை ரூ. 1,780, 65 வரை ரூ. 2,904, அதற்கு மேல் ரூ. 6,712. மின்சார வண்டி என்பதற்கான 15 சதவீதத் தள்ளுபடி போகத்தான் இந்தக் கட்டணம். பெரிய பேட்டரி டியாகோ 55 கிலோவாட், ஆகவே 2,904. ஐ20 என் லைனின் 120 குதிரைத் திறன் கிலோவாட் கணக்கில் 88. அது கட்ட வேண்டியது 2,094.